மென்மையாய் மறுத்தல்



சிதறால் எனப்படும் திருச்சாரணத்து மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கி வந்துள்ளோம். இவ்வேளையில் நம் இல்லத்துப் பேச்சினையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஆங்கில வழியில் பயிலும் நம் பேரப்பிள்ளைகள், பிறர் கூற்றை ஏலாதபோது ‘நோ, யூ ஆர் ராங்’ என்று வெட்டிப் பேசுகின்றனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரோ ‘ஐ ஆம் நாட் ஸோ ஷூர்’ என ஐயத்தைத் தம்மேல் ஏற்றியும், ‘யூ மே பி ரைட், பட்’ எனப் பிறர் கருத்துக்கு இடந்தந்தும் மாறுபடுவர்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதங்களை வகுத்தார். உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது, பிறர் கொள்கையை முன்னர் ஏற்றுப் பின்னர்க் களைதல் மூன்றாவது. ‘நீங்கள் சொல்வது சரிதான், ஆயினும்’ என்பது அம்மூன்றாவதே.

ஸ்யாத்வாதம் இதனை மேலும் தெளிவுறுத்தும். ‘ஸ்யாத்’ என்பதற்கு ‘ஒருவேளை’ எனச் சிலர் பொருள் கூறுவர். ‘ஒரு நோக்கில்’ என்பதே பொருத்தம். எந்நோக்கில் நின்று பேசுகிறோம் எனக் காட்டுதல் தயக்கமன்று, தெளிவு.

நான் ஆசிரியப் பணியிலிருந்தபோது, மாணவன் ஒருவன், ‘ஐயா, வேறு விதமாகவும் பொருள் கொள்ளலாமோ?’ என்றான். ‘உட்கார்’ என்றேன். அன்றிரவு உரைநூலைப் புரட்டினேன். அவன் கூறியதும் அங்கே இருந்தது. மறுநாள் அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. அவனும் பின்னர் எதையும் வினவவில்லை. மென்மையாய் ஐயுற்றவன் அவன். சொல்லால் இம்சை செய்தவன் நான்.

மென்மையாய் மறுக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்; அவர்கள் நம்மை மறுக்கும்போது செவிகொடுக்க நாமும் கற்போம்.