பின்வரிசையை ஆக்கிய ஆசிரியர்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்லுக என்று மன்றத்தார் எம்மைப் பணித்தபோது, கோல் அடித்த வீரர் ஒருவரின் புகழைப் பாடுவோம் என்றே பலர் எதிர்பார்த்திருப்பர். நாம் பேச வந்தது கோல் அடித்தவரைப் பற்றியன்று. கோல் விழாமற் காக்கவும், காத்த பந்தை நேராக முன்னே கொடுக்கவும் ஆட்களைப் பழக்கிய ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைப் பற்றி. அவர் பெயர் சையத் அப்துல் றஹீம், ஊர் ஐதராபாத்.

அவரிடம் செல்லுமுன் நமது மைதானத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். மாலை நேரத்திலே சந்தாங்கேணி மைதானத்துக்குப் போய்ப் பதினொரு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "யார் எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்பது பேர் முன்னுக்கு ஓடுவர். எஞ்சிய இருவரில் ஒருவன் காலிலே புண் உள்ளவன். மற்றவன் எல்லாரிலும் இளையவன். இவ்விருவருமே நமது பின்வரிசை! கோல் அடித்தவனைத் தோளிலே தூக்குகிறோம். பின்னின்றவன் எழுபது நிமிடம் மறித்துவிட்டு ஒருதரம் தவறினால் அவனுக்கு ஏச்சு. இரண்டு ஊர்கள் மோதும் ஆட்டமாயின் அந்த ஏச்சு ஆளோடு நிற்பதில்லை. ஊரைத் தொடுகிறது, ஊரைக் கடந்து இனத்தையும் தொடுகிறது. கோயில் மணியும் பாங்கொலியும் ஒரே காற்றிலே கேட்கின்ற இக்கரையில் அது எங்கே போய் முடியும் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கல்லூரிகளிலும் உதைபந்தாட்டம் என்று ஒன்று உண்டு. அது நாம் ஆடுவதன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலே பற்றிக்கொண்டு ஓடுவது. அங்கே தாக்குவோர் ஒரு கூட்டம், தடுப்போர் வேறொரு கூட்டம். தடுப்போரைப் பழக்குவதற்கென்றே தனிப் பயிற்றுநர் ஒருவர் வாழ்நாளெல்லாம் அதே வேலையாக இருப்பார். பெரிய கல்லூரிகளில் அவருடைய சம்பளம் பேராசிரியரின் சம்பளத்தைப் பன்மடங்கு விஞ்சிவிடும். கொடுத்துவைத்தவர்கள்! றஹீமுக்கோ அத்தகைய வசதி ஏதும் இல்லை. தாக்குவோருக்கும் தடுப்போருக்கும் அவர் ஒருவரே ஆசான்.

1909ஆம் ஆண்டிற் பிறந்த அவர் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் படித்துப் பட்டம் பெற்றவர், தொழிலால் ஆசிரியர். அவர் பழக்கிய ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி, பம்பாயில் நடைபெற்றுவந்த றோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டும் இடைவிடாது வென்றது.

அவர் பழக்கிய முறையிலே ஒன்றை மட்டும் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பலங்குறைந்த காலால் மாத்திரமே பந்தை உதைக்கலாம் என்ற விதியோடு அவர் ஆட்டங்கள் நடத்துவார். பந்தை வைத்துக்கொண்டு தனியாக வெட்டி ஓடக்கூடாது, வந்தவுடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வேறு சில ஆட்டங்கள். பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆயினும் இதன் பயன் பின்வரிசையிலேதான் தெரியவரும். வலக்கால் மட்டும் வழங்குகின்ற பின்வரிசைக்காரனை எதிரி இரண்டு நிமிடத்திலே கண்டுகொள்வான். பிறகு ஆட்டம் முழுதும் அவனுடைய இடப்பக்கமாகவே வருவான். பந்தைப் பறித்தும் அதைக் கொடுக்கத் தெரியாது வைத்திருப்பவன், பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே பறித்தவன் ஆகிறான்.

காத்தல் என்பது எங்கே நிற்பது என்னும் அறிவு. 1925இல் ஓவ்சைட் விதியை மாற்றினர். முன்பு முன்வரிசைக்காரனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியார் மூவர் இருக்க வேண்டும்; அவ்வாண்டு முதல் இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் மழையாய்ப் பொழிந்தன. இங்கிலாந்தில் ஆர்சனல் அணியைப் பழக்கிய ஹெர்பேட் சப்மன் நடுவரிசையில் நின்ற ஒருவரைப் பின்னே இழுத்து மூன்றாவது பின்வரிசைக்காரராக நிறுத்தினார். 1953இல் ஹங்கேரி அணி அதற்கும் ஒரு மாற்றுக் கண்டது. நடு முன்வரிசை ஆட்டக்காரர் முன்னே நில்லாது பின்வாங்கி நின்றார். அவரைத் தொடர்ந்து போவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று அறியாது இங்கிலாந்தின் பின்வரிசை திகைத்தது. வெம்பிளி மைதானத்தில் 6-3. உலகமே இதைப் படித்தது; ஐதராபாத்தில் ஓர் ஆசிரியரும் படித்தார்.

அவர் படிப்பதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. குளிர் தேசம், நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலர். பயிற்றுநர் றஹீமே. ஒரு பயிற்றுநரின் வாழ்வு முடிவதற்குப் பத்துக் கோல் போதாதா? முடியவில்லை. அத்தோல்வியின் பின் சப்பாத்து அணிவது கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டின் பின் மெல்போர்ணுக்குச் சென்ற அணியையும் அவரிடமே ஒப்படைத்தனர். 1956இல் அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி என்ற பெயரை இந்தியா பெற்றது. அங்கே எதிர்ப்பட்டது மீண்டும் யூகோசிலாவியா. 4-1 என்று தோல்வி. பத்து நான்காகக் குறைந்தது என்று இதனை நாம் படிக்கிறோம். வென்ற கணக்கைவிட இந்தக் கணக்கிலேதான் பயிற்றுநரின் உழைப்புத் தெரிகிறது.

அவரிடம் வந்து சேர்ந்தோரிலே துளசிதாஸ் பலராம் என்ற ஏழைச் சிறுவர் ஒருவர். செகந்திராபாத்தை அடுத்த சிற்றூரினர். பயிற்சிக்கு வரச் சைக்கிள் வாடகைக்கும் வழியில்லை என்றபோது, அந்த வாடகைக்கென நாள்தோறும் ஒரு ரூபா கொடுத்தவர் றஹீம். அவர் வாங்கிய ஆசிரியர் சம்பளத்தில் ஒரு ரூபா என்றால் என்ன என்பதைப் பெரியோர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பீற்றர் தங்கராஜ் என்ற நெடிய தமிழ்ப் பெயரினர் முதலில் முன்வரிசையில் ஆடியவர். இராணுவத்திற் சேர்ந்தபின் பந்து காப்பாளராகி ஆசியாவிலேயே சிறந்தவர் எனப் போற்றப்பட்டார். முன்னின்றவர் பின்னே சென்றாற் புகழ் குறையும் என்போர் இவரை நினைக்க.

இனி 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு விழா. முதலாட்டத்திலே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில், பின்வரிசையின் தூணாகிய ஜர்னேல் சிங்கின் தலை உடைந்தது, தையல் போடப்பட்டது. வேறொரு பயிற்றுநராயின் அவரை வாங்கிலே உட்காரவைத்திருப்பார். றஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார்! தென்வியட்நாமுடன் நடந்த அரையிறுதியிலும் அவர் கோல் போட்டார். செப்டெம்பர் 4ஆம் நாள் தென்கொரியாவுடன் நடந்த இறுதியாட்டத்திலும் போட்டார். தூணைப் பிடுங்கி முன்னே நட்டபின் கூரை விழவில்லையே, எப்படி? அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் முதலானோர் அந்த இடத்தை நிரப்பப் பழகியிருந்தனர். கோலிலே, காய்ச்சலினின்றும் எழுந்துவந்த தங்கராஜ். ஓர் ஆளை நம்பிய பின்வரிசையை றஹீம் கட்டவில்லை.

அன்று அரங்கிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவுக்கு அழையாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால், கூட்டம் முழுதும் இந்திய அணியைக் கூவி இகழ்ந்தது. ஆட்டக்காரர் செய்த பிழை ஒன்றுமில்லை. சீக்கியர், கிறித்தவர், இந்து, முஸ்லிம் என்று நின்ற அந்தப் பதினொருவரும் காதைப் பொத்திக்கொண்டு ஆடினர் என்றே சொல்ல வேண்டும். 2-1, தங்கப் பதக்கம். ஓரத்திலே நின்ற ஆசிரியருக்கு நுரையீரலிற் புற்றுநோய். 1963 யூன் 11ஆம் நாள் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத் தங்கத்தை இந்தியா அதன்பின் பெறவேயில்லை. 2024இல் அவருடைய வாழ்வைப் படமாக்கினர். அறுபது ஆண்டு பிந்தித்தான் வந்தது.

நிற்க. நமது பக்கத்திலும் பள்ளி ஆசிரியர்களே பயிற்றுநர்கள். மாலை ஐந்து மணிக்குத் தம் சொந்தச் சைக்கிளில் வந்து, சொந்தப் பணத்திற் பந்துக்குக் காற்றடிப்பவர்கள். இரண்டு ஆண்டிலே மாற்றம் வருகிறது, அணி கலைகிறது. அல்லது ஓர் ஆட்டம் தோற்கிறது; மறுநாளே "வேறு ஆளைப் பார்ப்போம்" என்கிறோம். பத்துக் கோல் வாங்கியவரை அவர்கள் திரும்ப அழைத்தார்கள்; நாம் இரண்டு கோலுக்கே கணக்குத் தீர்க்கிறோம். பெரியோர்களே, ஒரு பயிற்றுநரை ஐந்து ஆண்டு வைத்திருக்கும் பொறுமையும், அவருடைய போக்குவரவுச் செலவும், இரண்டு பந்தும் உங்களிடம் கேட்கிறோம். எல்லைக் கோட்டருகே நிற்போரின் வாயைச் சற்று அடக்கித் தரவும் கேட்கிறோம். அயலூர்ப் பிள்ளைகளையும் நம் பயிற்சிக்கு அழைக்க எண்ணியுள்ளோம், அவர்கள் காதிலே நம் ஏச்சு விழவேண்டாம்.

இளைஞர்களே, பயிற்சி தொடங்கவிருக்கிறது. பின்வரிசையில் நிற்க விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முன்வரிசைக்குப் பெயர் தரவேண்டியதில்லை. அவை வேண்டிய அளவுக்கு மேலேயே வந்திருக்கின்றன.