சதைத்துணுக்கும் நம் அச்சமும்
(கந்தர்வக்கோட்டைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன உரிமை என்று சிலர் வினவலாம். மருந்து கூற யாம் வந்திலோம். கத்தி பட்டாற் கட்டி பரவும் என்று நம் வீடுகளில் வழங்கும் சொல்லை மறுக்கவே வந்தோம்.

மருத்துவர் கட்டியினின்று ஒரு துணுக்கை எடுப்பது நோயின் பெயரை அறிதற்கே. ஆய்வுக்கூடத்தார் அதனை மெழுகிற் பதித்து, மயிரிழையின் பருமனிற் பத்திலொரு பங்கினும் மெல்லிதாகச் சீவி, சாயமூட்டி, உருப்பெருக்கியின்கீழ் நோக்குவர். உயிரணுவின் உட்கரு நீலமாகவும் ஏனைய பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். உட்கரு பருத்து, வடிவுகெட்டு, ஒழுங்கு குலைந்து காணின் புற்றெனத் துணிவர். எல்லாக் கட்டியும் புற்றன்று, பல தீங்கற்றவை. துணுக்கெடுத்தலாற் பரவுதல் மிக அரிது. அஞ்சி மறைத்தலாற் பரவுதலோ நாடோறும் நிகழ்வது.

நமக்கு அணித்தேயுள்ள புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர்தம் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. சென்னையில் 1982 முதல் புற்றுநோயாளர் கணக்கைத் தொகுத்து வருகின்றனர். தொடக்கத்திற் பெண்டிர்க்குக் கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது குறைய, மார்பகப் புற்று முந்திற்று. இரண்டும் முளையிலே கண்டாற் பெரும்பாலும் தீர்வன.

தாய்மார்களே, மார்பிற் கட்டி தோன்றினும், மாதவிலக்கு நின்றபின் உதிரம் படினும், நாணி மறையாதீர். கணவன்மாரே, துணுக்கெடுக்க மருத்துவர் கேட்குங்காற் தடுக்காது உடன் செல்லுங்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். அத்தாளை வாங்க மறவாது மீண்டும் செல்லுங்கள்.