மின்சாரக் கோல்ப் வண்டி: தெரிவும் பேணலும்



கோல்ப் வண்டியைப் பற்றிப் பேசுதற்குப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். நுவரெலியாவில் 1889 ஆம் ஆண்டு முதல் அவ்விளையாட்டை ஆடி வருகின்றனர். நானோ அதன் கோலைத் தொட்டும் அறியேன். தமிழும் வரலாறும் கற்ற கலைப் பட்டதாரி. ஆயினும், எங்கள் பாடசாலையில் அத்தகைய வண்டி ஒன்று ஓடுகின்றது. அதனைப் பேணத் தெரியாமல் ஒருமுறை நான் கெடுத்தேன். அந்த உரிமையோடுதான் பேசுகின்றேன்.

எங்கள் வளவு பெரியது. வகுப்பறைகள் ஒரு கோடியிலும் ஆய்வுகூடம் மறு கோடியிலும் உள்ளன, இடையே மணல். தசை நலிவு நோயினால் நடக்க இயலாத மாணவன் ஒருவனின் சக்கர நாற்காலி அம்மணலிற் புதைந்துவிடும். இதனைக் கண்ட பழைய மாணவர் சங்கத்தார், விடுதி ஒன்றிற் பாவித்த நான்கு இருக்கை வண்டியை 2023 ஆம் ஆண்டில் வாங்கித் தந்தனர்.

வாங்கும்போதே ஒரு பிழை செய்தோம். அவ்வண்டி 48 வோல்ற்றில் இயங்குவது. 8 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருந்தன. விற்றவர் மானியை வைத்து 50 வோல்ற்றுக்கு மேல் காட்டினார், நாங்களும் மகிழ்ந்தோம். நிற்கும் வண்டியில் எடுக்கும் அளவு பெரிதும் பயன்படாது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆட்களை ஏற்றி, மேட்டில் ஓட்டியபடி, ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஐந்து 8 வோல்ற்றை அண்மித்து நிற்க, ஒன்று மாத்திரம் 6 வோல்ற்றுக்கு இறங்குமாயின், அதனுள் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்க. தொடரிணைப்பில் நலிந்த ஒன்று எஞ்சிய ஐந்தையும் இழுத்து வீழ்த்தும். பற்றரியிற் பொறித்துள்ள தயாரிப்புத் திகதியையும் பாருங்கள். வர்ணத்தையும் இருக்கையையும் பின்னர் பார்க்கலாம்.

மலிவென்று கருதிக் காருக்குரிய பற்றரியை இதிற் பொருத்துவோரும் உளர். காரின் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்புதற்கு ஒரு கணம் பெருமின்னோட்டம் தருவது. அதன் தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்காக மின்னை வழங்கி மீண்டும் நிரம்பும் உழைப்புக்குத் தடித்த தகடுள்ள பற்றரியே வேண்டும்.

இனி என் தவறு. தவணை விடுமுறை வந்தது. பாதி வெறுமையான பற்றரிகளோடு வண்டியைக் கொட்டகையிற் பூட்டிச் சென்றோம். ஈயப் பற்றரியை அவ்வாறு விட்டால், தகடுகளின் மேல் ஈயச் சல்பேற்று இறுகிப் படிகமாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் முழுதும் கரையாது. போதாக்குறைக்கு, நீர் குறைந்திருக்கக் கண்டு கிணற்று நீரை ஊற்றுமாறு காவலாளியிடம் நானே சொன்னேன். எங்கள் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெண்ணிறமாய்ப் படிவதை நாள்தோறும் கண்டிருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை! பாடசாலை தொடங்கியபோது வண்டி வாயில்வரைகூடச் செல்லவில்லை. புதிய பற்றரிகளுக்குப் பணம் சேரும்வரை இரண்டு மாதங்கள், அம்மாணவனின் தகப்பனார் தம் கூலி வேலையை விட்டு வந்து மகனைத் தூக்கிச் சென்றார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர்.

இப்பொழுது எங்கள் ஒழுங்கு இது. ஓட்டம் முடிந்த அன்றே மின்னேற்றுகின்றோம். பாதிக்கு மேல் வெறுமையாக்குவதில்லை. விடுமுறையிலும் மாதம் ஒருமுறை காவலாளி மின்னேற்றுகிறார். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுகின்றோம். அதனை மின்னேற்றிய பின்னரே ஊற்றுதல் வேண்டும். முன்னரே நிரப்பினால், மின்னேறும்போது திரவம் விரிந்து அமிலம் வழியும். தகடு வெளியே தெரியுமாயின் மாத்திரம், அது மூடுமளவிற்குச் சிறிது முன்னரே விடலாம். ஒருபோதும் அமிலம் சேர்க்கலாகாது. மின்னேறுகையில் ஐதரசன் வாயு வெளிவருமாதலால், கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கின்றோம். அங்கே பீடி பற்றவைப்பதற்கும் தடை. முனைகளிற் பூக்கும் வெண்பச்சைத் துருவை அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்தால் அகன்றுவிடும். ஆயின் அந்நீர் பற்றரிக்குள் ஒரு துளியும் புகலாகாது.

லிதியம் பற்றரி நன்றன்றோ என்று சிலர் கேட்கின்றனர். நன்றுதான். பாரம் குறைவு, நீர் வேண்டியதில்லை, நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் விலை அதிகம். அதற்கேற்ற மின்னேற்றியும் வேண்டும். எங்கள் நிதிக்கு அது எட்டவில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகின்றது. வாரந்தோறும் ஆறு பற்றரிகளின் வோல்ற்றளவையும் அதில் எழுதுபவன் அம்மாணவனே. மூன்றாவது பற்றரி மற்றவற்றிலும் சற்றுத் தாழ்ந்து நிற்பதைச் சென்ற வாரம் முதலிற் கண்டு சொன்னவனும் அவனே. நாளை அதைக் கழற்றிப் பார்க்கவுள்ளோம்.