மடியில் கனம் வேண்டாம்

 

விழா மேடையில் மகிழ்ச்சியானவற்றைப் பேசுவதே மரபு. ஆயினும், நம் இளைஞர்கள் சிலர் கேட்டுவரும் கேள்வி ஒன்றிற்கு இன்று விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். "ஐயா, அரிவாளோடு வருகிறவனை எத்தனை நாள் வெறுங்கையோடு எதிர்கொள்வது? தற்காப்புக்கு நாமும் இடுப்பில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் போக்கிரிகள் அல்லர். நம்மிடம் படித்த பிள்ளைகள். எனவே அவர்களை அதட்டி அடக்குவது முறையன்று.

கேள்வியில் நியாயம் உண்டு. நம் முன்னோர் பண்ணையத்தில் ஆளாக இருந்த காலத்தில், காட்டுப்பன்றியை விரட்டுவதற்கென்று சாளைச் சுவரில் துப்பாக்கி மாட்டியிருக்கும். அது வெடிக்க வேண்டியதில்லை. தொங்கினாலே போதும், கூலி கேட்க வந்தவர் குரல் இறங்கிவிடும். ஆயுதம் ஒருவரிடமும் அச்சம் மற்றவரிடமும் இருந்த வாழ்வு அது.

இதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995-இல் வகுக்கப்பட்ட விதிகளில் மூன்றாவது விதியை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடும் எனக் கருதப்படும் பகுதிகளை அரசு கண்டறிய வேண்டும். தேவையெனில் அங்குள்ள பட்டியல் இனத்தவர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துச் செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். தேவையெனில் நம் மக்களுக்கு உரிமம் வழங்கவும் வேண்டும் என்கிறது அவ்விதி. இவற்றின் வரிசையைக் கவனியுங்கள். அச்சுறுத்துபவனின் ஆயுதத்தை இறக்குவது முன்னே வருகிறது. நமக்கு ஆயுதம் தருவது பின்னே வருகிறது. நம் கோரிக்கையும் அவ்வரிசையிலேயே இருத்தல் வேண்டும்.

உண்மையிலேயே உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள ஊராட்சித் தலைவரோ வழக்கின் சாட்சியோ உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அதில் வெட்கமில்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்திற்காக உரிமம் மறுக்கக்கூடாது என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறுகிறது. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு.

ஆனால் மறைத்து வைக்கும் ஆயுதம் வேறு. உரிமமில்லாத் துப்பாக்கியோடு பிடிபட்டவனுக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. எனினும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு இழைக்க அவ்வுரிமை இடந்தருவதில்லை.

நம் மாணவர் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் சாதிப் பெயர் சொல்லி அடிக்கப்பட்டவர் அவர். புகார் கொடுத்தார். அதன்பின் அச்சத்தால் பைக்குள் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தார். அதை அவர் ஒருவர் மீதும் ஓங்கவில்லை. ஒரு நாள் சோதனையில் அது அகப்பட்டது. அன்று முதல் புகார் கொடுத்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆனார். அடித்தவர்கள் சமரசம் பேச வந்தார்கள். அவரும் புகாரைக் கைவிட்டார். எழுதவிருந்த அரசுத் தேர்வையும் எழுதவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை அவர் இன்றும் சுமக்கிறார்.

1948 டிசம்பரில், ஆயுதம் ஏந்தும் உரிமையை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் காமத் திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தீயவர்க்கும் அவ்வுரிமை போய்ச் சேருமே என்பது அவர் வாதம். அதே அண்ணல், படையில் நம்மவர் சேர வேண்டும் என்று வாதாடியவர்; 1941-இல் மகார் படைப்பிரிவு உருவானது. சட்டத்தின் சீருடையில் ஏந்தும் ஆயுதத்தை அவர் வெறுக்கவில்லை. காவல்துறைத் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் நம் பிள்ளைகள் செல்லட்டும்.

உடுமலையை எண்ணிப் பாருங்கள். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். பின்னால் வந்து நொடிப்பொழுதில் வெட்டியவர்களை இடுப்பில் இருக்கும் எந்த ஆயுதம் தடுத்திருக்கும்? ஆனால் அங்கிருந்த கண்காணிப்புக் கேமரா நடந்ததைப் பதிவு செய்தது. 2015-இல் கோகுல்ராஜ் கொலையிலும் முக்கியச் சாட்சி பிறழ்ந்தபோது திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் கேமராப் பதிவு நின்று பேசியது. 2022-இல் பத்துப் பேர் தண்டனை பெற்றனர். உடுமலை வழக்கில் 2020-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு மரண தண்டனைகளை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததையும், முதன்மைக் குற்றவாளி எனப்பட்டவரை விடுவித்ததையும் நாம் மறைக்கவில்லை. போன உயிர்கள் திரும்பவில்லை என்பதையும் மறக்கவில்லை. சட்டம் முழுமையான கேடயம் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். அதைக் கைவிட்டால் அதுவும் இல்லை என்றே சொல்கிறோம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை எளியவை. மிரட்டல் வந்த அன்றே தேதியிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலையும் ரசீதையும் வைத்திருங்கள். 14566 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்திற்கொரு முறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு கூடியதா என்று கேளுங்கள். மூன்றாவது விதிப்படி எந்தெந்த ஊர்கள் கண்டறியப்பட்டுள்ளன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாட்சி சொல்லும் வீட்டுக்கு இரவில் நால்வர் துணை போங்கள். தனியே விடப்பட்ட சாட்சிதான் பிறழ்கிறார்.

இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பையில் புத்தகத்தை வைத்து அனுப்பியது. அந்தப் பையை எந்தச் சோதனையிலும் அச்சமின்றித் திறந்து காட்டும் நிலையில் நம் பிள்ளைகள் நடக்க வேண்டும். அதுவே நம் வேண்டுகோள்.