பிராசஸர் சும்மாதான் இருக்கிறது



மண்ணூரைச் சுற்றி வேலை பார்ப்பவர்களுக்கு நேரத்தை அளப்பது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவருக்குத் தன் ஸ்டேஷனில் ஒரு வேலைக்கு எத்தனை நொடி என்பது மனப்பாடம். ஒரே ஒரு ஸ்டேஷன் பின்தங்கினால் போதும். மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அதன் வேகம்தான் லைனின் வேகம். 2007 முதல் டெல் கணினிகளே ஸ்ரீபெரும்புதூரில் தயாராகின்றன. ஆனால் இதே ஊர்க்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் திணறினால் மட்டும் யாரும் எதையும் அளப்பதில்லை. "பிராசஸர் பழசாகிப் போச்சு, புதுசு வாங்கணும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. அப்படிப்பட்ட ஒரு பழைய லேப்டாப்பில் இன்று டெபியனோ லினக்ஸ் மின்டோ போட்டிருக்கிறீர்கள், மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகத்தை எப்படி அளப்பது, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்புவது?

டெர்மினலைத் திறந்து 'டாப்' என்று தட்டினால் மேல்வரியில் லோட் ஆவரேஜ் என மூன்று எண்கள் வரும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை அவை. இரண்டு கோர் உள்ள கருவியில் 6, 7 என்று பார்த்ததும் பிராசஸர் தாங்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். அவசரப்படக் கூடாது. லினக்ஸ் அந்தக் கணக்கில் பிராசஸருக்காக வரிசையில் நிற்கும் வேலைகளோடு, டிஸ்க்கிலிருந்து தரவு வரட்டும் என்று முடங்கிக் கிடக்கும் வேலைகளையும் சேர்க்கிறது. 1993-ல் வந்த ஒரு சிறு திருத்தம் இது. அதற்கு முன்பு வேகமான டிஸ்க்கைக் கழற்றி மெதுவானதை மாட்டினால் கம்ப்யூட்டர் ஆமையாகும், சுமை எண்ணோ குறையும்! அந்த அபத்தத்தைத் தீர்க்கத்தான் திருத்தம். பிரெண்டன் கிரெக் என்ற வல்லுநர் 2017-ல் பழைய மின்னஞ்சல்களைக் கிளறி இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். மூலநிரலும் அதைப் பற்றிய விவாதமும் பொதுவில் கிடப்பதால்தான் இப்படித் தேட முடிகிறது. என்னைக் கேட்டால், வேக அளவீட்டுக்கு லினக்ஸ் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். எண்ணைக் கொடுப்பதோடு, அது எப்படி வந்தது என்பதையும் காட்டும்.

டாப் சொல்வதைச் சரிபார்க்க வி.எம்.ஸ்டாட் இருக்கிறது. அதைத் தட்டி, இடம் விட்டு 1 என்று சேர்த்தால் நொடிக்கு ஒரு வரி ஓடும். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள். அது கம்ப்யூட்டரை ஆன் செய்ததிலிருந்து எடுத்த சராசரி. பிறகு வலது ஓரம் பாருங்கள். 'ஐ.டி.' என்பது பிராசஸர் ஓய்வாக இருந்த விழுக்காடு. 'டபிள்யூ.ஏ.' என்பதும் ஓய்வுதான், ஆனால் டிஸ்க்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஓய்வு. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் உலாவியைத் திறக்கும்போது பெரும்பாலும் துள்ளுவது இந்த டபிள்யூ.ஏ.தான். 'பழசாகிப் போச்சு' என்று நாம் திட்டிய பிராசஸர் அந்த நேரம் சும்மா இருந்திருக்கிறது.

டிஸ்க்கை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. எச்.டி.பார்ம் என்ற கட்டளை பழைய டிஸ்க்குக்குக்கூட நொடிக்கு 80, 100 மெகாபைட் என்று கௌரவமான எண்ணைக் காட்டும். அது தரவை ஒரே சீராக, வரிசையாகப் படித்த வேகம். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதோ உலாவி திறக்கும்போதோ படிப்பு அப்படி நடப்பதில்லை. இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தலை நகரும் நேரத்தையும் கூட்டினால், நொடிக்கு நூறு துண்டு எடுத்தாலே பெரிது. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்.எஸ்.டி. பல ஆயிரம் எடுக்கும். இந்தச் சிதறிய படிப்பை அளக்க ஃபியோ என்ற கருவி இருக்கிறது. அதை விட்டு எச்.டி.பார்ம் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால், டிஸ்க் மேல் தப்பில்லை என்றே முடிவெடுப்பீர்கள்.

எந்த அளவையும் ஒரே தடவையோடு நிறுத்தக் கூடாது. லிப்ரே ஆபீஸை முதல்முறை திறந்தால் இழுஇழு என்று இழுக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் சட்டென்று வரும். டிஸ்க்கிலிருந்து படித்ததை லினக்ஸ் காலி ராமில் வைத்திருப்பதுதான் காரணம். ராம் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் 'ஃப்ரீ' (காலி) என்ற எண் அற்பமாகத் தெரிந்ததும் பலர் பதறுவதும் இதனால்தான். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற கடைசிப் பத்தி. இன்னொன்று, வெயில். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூன்று மணிக்கு, தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் லேப்டாப் சூட்டுக்குப் பயந்து தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடினாலும் அப்படியே. அதிகாலையில் எடுத்த எண்ணையும் மத்தியானம் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து, "அப்டேட் போட்டதும் ஸ்லோ ஆயிடுச்சு" என்பது நியாயமில்லை.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்து தரும் தொகுப்பும் உண்டு. மைக்கேல் லாராபெல் 2008-ல் வெளியிட்ட ஃபொரோனிக்ஸ் டெஸ்ட் ஸ்வீட், ஒவ்வொரு சோதனையையும் பலமுறை ஓட்டும். விடைகள் சிதறினால் இன்னும் ஓட்டும். கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது) பதிப்புகளையும் குறித்துக்கொள்ளும். அந்த ஒழுக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் கெர்னலைக் கம்பைல் செய்வதும் வீடியோவைச் சுருக்குவதும் நம் வீட்டில் நடக்கிற வேலையா? சில சோதனைகள் இறக்கும் கோப்புகளுக்கே போன் ஹாட்ஸ்பாட்டின் ஒருநாள் டேட்டா தீர்ந்துபோகும். வீட்டுக்கு அது அதிகப்படி.

பொதுச் சோதனை எண்களில் வேறொரு வில்லங்கமும் இருக்கிறது. வேகச் சோதனைகளை வகுக்கும் எஸ்.பி.இ.சி. என்ற அமைப்பின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்ற சோதனை இருந்தது. கம்பைலர்கள் அதற்கென்றே சாமர்த்தியம் பழகி எண்ணை ஏற்றிவிட, 1992 தொகுப்பில் அதை நீக்கினார்கள். முப்பது ஆண்டு கழித்தும் கதை மாறவில்லை. 2024-ல் இன்டெல் கம்பைலர் ஒரு சோதனைக்கென்று தனிச் சலுகை வைத்திருந்ததாகச் சொல்லி, 2600-க்கும் மேற்பட்ட முடிவுகளை அதே அமைப்பு செல்லாது என்றது. பெட்டியில் அச்சிட்ட ஸ்கோரைவிட, உங்கள் உலாவி திறக்கும் நேரத்தைச் செல்போன் ஸ்டாப்வாட்சில் மூன்று தடவை எடுப்பது நம்பகமானது.

சரி, பணத்தை எதில் போடுவது? வி.எம்.ஸ்டாட்டில் 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' பத்திகளில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் ராம் போதவில்லை, டிஸ்க்கை ராமாகப் பயன்படுத்துகிறது. முதல் செலவு ராமுக்கு. அவை பூஜ்யமாக இருந்து டபிள்யூ.ஏ. மட்டும் ஏறினால் எஸ்.எஸ்.டி. இரண்டும் அமைதி, நிரல்களின் வேலையில் பிராசஸர் செலவிட்ட விழுக்காடான 'யு.எஸ்.' மட்டும் நூறைத் தொடுகிறது என்றால்தான் பிராசஸர் மேல் பழி. வீடியோ எடிட்டிங் செய்யும் பிள்ளை இல்லாத வீட்டில் அது அபூர்வம். ராம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் டி.எம்.ஐ.டிகோட் கட்டளையை ரூட் அனுமதியோடு ஓட்டிப் பாருங்கள். ராம் வகை டி.டி.ஆர்.3-யா 4-ஆ, ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று ஸ்க்ரூவைத் தொடாமலே சொல்லிவிடும். அந்த வரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.