வெளிச்சம் செய்யும் வேலை

(செங்கல்பட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் இரசாயன சாஸ்திரத்தைச் சேர்ந்தது. நான் காலேஜ் வாசற்படியை மிதித்தவனல்ல. ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நாலு வருஷ காலம் கொப்பரை கழுவிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வாசகசாலையில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

பிறந்த இரண்டு மூன்று நாளில் உடம்பு மஞ்சளாகிவிட்ட குழந்தையை ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருப்பதைத் தாய்மார்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்விளக்கு சூடு காட்டுவதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்றொரு மஞ்சள் வஸ்து சேர்ந்துவிடுகிறது. ஈரல் முதிராததனால் அதை வெளியேற்ற முடிவதில்லை. அளவு மீறினால் அது மூளையைக் கெடுத்துவிடும். நீல வெளிச்சம் தோலுக்குள் புகுந்து அந்த வஸ்துவின் உருவத்தையே மாற்றுகிறது. மாறியது பித்தத்தோடும் சிறுநீரோடும் போய்விடுகிறது. வெளிச்சம் போகக்கூடிய ஆழமோ மிகச் சொற்பம். ஆனாலும் இரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், அத்தனையும் முறை வைத்துத் தோலண்டை வந்து வெளிச்சம் வாங்கிக்கொண்டு போகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை கேட்கத்தக்கது. 1956-ல் இங்கிலாந்தில் ராச்போர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதை டாக்டர்களிடம் காட்டினார். முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. ஜன்னலோரத்தில் வெயிலில் கிடந்த ஒரு குழாய் இரத்தத்தில் பிலிருபின் குறைந்திருக்கக் கண்ட பிறகுதான் சங்கதி புரிந்தது; 1958-ல் விளக்கு வைத்துச் சோதித்த முடிவு பிரசுரமாயிற்று. மந்திரித்துத் தழை கட்டி நாளைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்த ஒரு நாள் தாமதத்தில் பிள்ளையின் காது போய்விடலாம், உயிரும் போய்விடலாம்.

இந்த வேலையையே இப்பொழுது மருந்து செய்வதற்கும் உபயோகப்படுத்துகிறார்கள். கோவளம், கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் கடல்நீரைக் கிணற்றிலா தேக்குகிறார்கள்? கணுக்கால் நனையாத ஆழத்தில் பரப்புகிறார்கள். அங்கே வேலை செய்வது சூடும் காற்றும். நான் சொல்வது வெளிச்சம் நேராகச் செய்யும் மாறுதல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆழம் ஆகாது என்ற நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆயிரம் லிட்டர் கொப்பரையில் சாயம்போலக் கறுத்த திரவத்தை ஊற்றி நடுவில் விளக்கைத் தொங்கவிட்டால், விளக்கை ஒட்டிய ஒரு மெல்லிய படலமே வெளிச்சம் முழுவதையும் விழுங்கிவிடும். அண்டையில் இருப்பது அளவுக்குமேல் வெந்து கெடும். எட்ட இருப்பது பச்சையாகவே கிடக்கும். ஆகவே கண்ணாடிபோலத் தெளிந்த மெல்லிய குழாயை விளக்கைச் சுற்றி வளைத்து, ஒரு முனையில் பம்பு வைத்துத் திரவத்தை ஓடவிடுகிறார்கள். எத்தனை நிமிஷம் வெளிச்சம் படவேண்டுமோ அத்தனை நிமிஷம் ஓடி மறுமுனையில் வந்து விழும்.

கொடிய மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து சீன தேசத்துச் செடியிலிருந்து வருவது. 1972-ல் அதைப் பிரித்தெடுத்த தூ யூயூ என்ற அம்மையாருக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. செடியிலிருந்து மருந்தை எடுத்த பின் ஓர் அமிலம் கழிவாக நின்றுவிடும். 2012-ல் ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக்கூடத்தில் சீபெர்கர், லெவெஸ்க் என்ற இருவர், அந்த அமிலத்தைச் சற்று மாற்றி, பிராணவாயுவோடு குழாயில் ஓடவிட்டு, வெளிச்சம் காட்டி மருந்தாக்கினார்கள். குழாய்க்குள் இருந்த நேரம் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. கிடைத்தது நூற்றுக்கு 39 பங்கு. குப்பையில் போகவேண்டியது உயிர் காக்கும் மருந்தாயிற்று.

தோழர்களே! என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது வேறொரு காரணம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு இரவு கொப்பரை ஒன்று தீப்பற்றிக்கொண்டது. பெயர் வேண்டாம். என்னோடு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவன் ஒருவன் மறுநாள் இல்லை. விதி என்றார்கள், தோஷம் கழிக்கப் பூசை போட்டார்கள். எளிதில் தீப்பற்றும் திரவத்தையும் பிராணவாயுவையும் ஆயிரம் லிட்டர் அளவில் ஒன்றாக வைத்தால் எரியாமல் என்ன செய்யும்? குழாயிலோ எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது கொஞ்ச அளவு. பம்பை நிறுத்தினால் வரத்து நின்றுவிடும்.

இதில் குறை இல்லையா? உண்டு. உள்ளே பொடியாகப் படிகிற சரக்கானால் குழாய் அடைத்துக்கொள்ளும்; வெளிச்சத்துக்கு மசியாத சரக்குகளும் அநேகம். 1912-லேயே இத்தாலி தேசத்துச் சாமிச்சியன் என்பவர், பாலைவனங்களில் கண்ணாடிக் குழாய்களைக் காடுபோல நிறுத்தி வெயிலைக்கொண்டே இரசாயனங்கள் செய்யும் காலம் வரும் என்று நியூயார்க்கில் பேசினார். அந்தக் காடு இன்னும் முளைக்கவில்லை. (சிரிப்பு)

ஆனாலும் நம் தேசம் சும்மா இல்லை. பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில், சிறு குழாய்களில் ஓடவிட்டு இரசாயனம் செய்யும் வேலையில் ஈடுபட்ட அமோல் குல்கர்னிக்கு 2020-ல் பட்நாகர் பரிசு கொடுத்தார்கள். மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் திருப்போரூருக்குப் பக்கத்திலேயே, ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதலாளியிடம் கூலி உயர்வு கேட்கும்போது, கொப்பரைக்குப் பதில் குழாய் வைக்க முடியுமா என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். முடியாதென்றால் காரணம் கேட்கவேண்டும்.

காலையில் இந்த மேடைக்குப் பின்னால் மஞ்சள் தோய்த்த வேட்டித் துண்டுகள் இரண்டு வெயிலில் வைத்தேன். ஒன்றை விரித்துப் போட்டேன், மற்றொன்றை எட்டாக மடித்து வைத்தேன். விரித்தது வெளுத்திருக்கிறது. மடித்ததை நான் இன்னும் பிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நீங்களே வந்து பிரித்துப் பாருங்கள்.