கண்ணுக்கு எட்டாத கணம்



பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறியின் ஓசையை அறியாதார் இலர். தறியருகே நின்று உற்றுப் பாருங்கள். நாடா இப்புறமிருந்து அப்புறம் பாய்வது தெரிகிறதா? ஏதோ ஒன்று மின்னி மறைவதே தெரியும். ஓடுகின்ற நாடாவையே பின்தொடர மாட்டாத நம் கண், டாங்கிப் பீரங்கியின் வாயிலிருந்து புறப்படும் குண்டை எங்ஙனம் காணும்? அதனைக் காண்பதற்கு மனிதன் என்ன வழி கண்டான், அதனால் என்ன பெற்றான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. திரைப்படக் காமிரா விநாடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. கவசத்தைத் துளைக்கும் டாங்கிக் குண்டோ விநாடிக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் செல்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 66 மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே சாதாரணப் படத்தில் புகை இருக்கும், குண்டு இராது. விநாடிக்கு 20,000 படங்கள் எடுத்தால், இரு படங்களுக்கிடையே குண்டு 8 சென்டிமீட்டர்தான் நகரும். அப்படங்களை விநாடிக்கு 24 வீதம் ஓட்டிக் காட்டினால், ஒரே விநாடியில் நடந்து முடிந்ததைக் காணப் பதினான்கு நிமிடம் ஆகும். விரைவாக எடுத்து மெதுவாகக் காட்டுவது. மெதுவியக்கப் படத்தின் சூட்சுமம் இவ்வளவே.

இம்முறைக்கு 1904ஆம் ஆண்டில் காப்புரிமை கோரியவர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆகஸ்ட் முஸ்கர் என்னும் பாதிரியார். அதற்கும் முன்பே, மின்பொறியின் ஒளியைக்கொண்டு, பாயும் துப்பாக்கிக் குண்டு காற்றில் எழுப்பும் அதிர்ச்சி அலையைப் படமெடுத்து, 1887இல் வெளியிட்டனர் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்கர் என்னும் இரு அறிஞர்கள். ஒலியின் வேகத்தோடு ஒப்பிடும் ‘மாக் எண்’ அந்த மாக்கின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மெதுவியக்கப் படத்தில் என்ன தெரிகிறது? குழாய்க்குள் இருந்த காற்றும் கசிந்த வாயுவும் முதலில் வெளியே தள்ளப்படுகின்றன. பின்னர்க் குண்டு தலைகாட்டுகிறது. அதன்பின் வரும் சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து மீண்டும் பற்றி எரிகிறது. தொலைவில் நிற்போர் காணும் பெருந்தழல் அதுவே. துளைக்கும் குண்டு மெல்லிய ஈட்டி போன்றது. குழாய்க்குள் அதனை அணைத்து நிற்கும் உறைத்துண்டுகள், வெளியே வந்ததும் காற்றின் விசையால் வாழைப்பூ மடல்கள்போல் விரிந்து கழன்று விழுகின்றன. அவை ஒருசேரக் கழலாவிடின் ஈட்டி நெறி பிறழும். அப்பிழை எந்தக் கணத்தில் நேர்ந்தது என்பதைக் கண்ணாலன்றிப் படத்தாலேயே அறிய இயலும்.

நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. கோவைக்கு அண்மையில், நீலகிரியின் அருவங்காட்டில், 1904 முதல் உந்துமருந்துத் தொழிற்சாலை இருந்து வருகிறது. சென்னையை அடுத்த ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. பின்னர் 120 மில்லிமீட்டர் பீரங்கி தாங்கிய அர்ஜுன் டாங்கியும் அங்கேயே உருவாயிற்று. ஒடிசாவின் சாந்திப்பூர்க் கடற்கரையில் 1895 முதல் பீரங்கிகளைச் சோதித்து வருகின்றனர். வெடிப்பின் விளைவுகளை அதிவேகக் காமிராக்களால் ஆராயும் ஆய்வுக்கூடம் சண்டிகரில் உள்ளது. 1961இல் திட்டமிடப்பட்ட அது, 1967இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

உந்துமருந்து எரிவது, டி.என்.டி. போன்ற வெடிமருந்து வெடித்துச் சிதறுவது. டி.என்.டி.யில் வெடிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 6,900 மீட்டர் வேகத்தில் பரவும். இதற்கு விநாடிக்கு இலட்சக்கணக்கான படங்கள் வேண்டும். படச்சுருளை அவ்வளவு விரைவாக இழுத்தால் அறுந்துவிடும். எனவே சுருளை அசைக்காமல், சுழலும் கண்ணாடியைக்கொண்டு ஒளியை அதன்மேல் ஓட்டினர். காமிராவைத் தடித்த சுவருக்குப் பின்னே மறைத்து, எதிரே நிறுத்திய கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் படமெடுப்பதும் உண்டு. கண்ணாடி உடையலாம், ஆளும் கருவியும் தப்ப வேண்டும்.

இப்படங்களை வேடிக்கைப் பொருளாக எண்ணற்க. 1945 ஜூலை 16இல் அமெரிக்கா நடத்திய முதல் அணுகுண்டுச் சோதனையின் படங்கள் பின்னர் வெளியாயின. அவற்றில் நேரமும் அளவும் குறிக்கப்பட்டிருந்தன. விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் நெருப்புக்கோளத்தின் ஆரம் ஏறத்தாழ 140 மீட்டர். இத்தகைய அளவுகளைக்கொண்டே, இரகசியமாக வைக்கப்பட்டிருந்த குண்டின் ஆற்றலை, ஏறத்தாழ 17,000 டன் டி.என்.டி.க்குச் சமம் என்று கணித்து 1950இல் வெளியிட்டார் ஜி. ஐ. டெய்லர் என்னும் ஆங்கில அறிஞர். ஒரு படம், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், இம்மூன்றும் போதுமாயின.

ஆனால் அச்சோதனை நடந்து மூன்று வாரங்களில் ஹிரோஷிமா எரிந்தது என்பதையும் மறவாதீர். மெதுவியக்கம் எதனையும் அழகாக்கிவிடும். தழல் மலர்போல் விரியும். புகை மேகம்போல் தவழும். இன்று கைப்பேசியில் அத்தகைய படங்களைக் காணும் நீங்கள் அவ்வழகில் மயங்கி நின்றுவிடலாகாது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பவனைக் குண்டு ஒன்றேகால் விநாடியில் அடைகிறது. வெடியோசை அவனை எட்ட ஆறு விநாடி ஆகும். ஓசை கேட்டு ஒதுங்க அவனுக்கு நேரமில்லை.

நம் கொங்கு நாட்டில் பாறையைத் தகர்த்துக் கிணறு வெட்டியவர்கள் வெடியின் அருமையையும் கொடுமையையும் ஒருங்கே அறிந்தவர்கள். கற்சுரங்கங்களில் எந்தக் குழி முதலில் வெடிக்கிறது, கல் எத்திசையில் எவ்வளவு தூரம் தெறிக்கிறது என்று காட்ட இதே படங்கள் பயன்படுகின்றன. அவ்வளவுகளால் உழைப்பாளியின் உயிர் காக்கப்படுமாயின், அக்கலை தன் பயனை அடைந்ததாகும். இனி அத்தகைய படத்தைக் காணும்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எதிரே இருப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். முதலிரண்டும் உங்களை அறிவியலாளர் ஆக்கும். மூன்றாவது உங்களை மனிதர் ஆக்கும்.